பிழைத்துக்கொண்ட சொற்கள்

பல்லடத்தில் பஸ் ஏறினால் திருப்பூர் 15 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் மின்கம்பம், பாலத்துச் சுவர், பூட்டிக் கிடக்கும் ஷட்டர் என்று பசை ஒட்டும் இடத்திலெல்லாம் ஒரே நோட்டீஸ். ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை. சிங்கர் டைலர் தேவை. கைமடி, செக்கிங் பெண்கள் தேவை. தங்கும் இடம் இலவசம். ஊருக்குப் புதியவர்கள் இரண்டாவது சொல்லில் கொஞ்சம் திகைப்பார்கள். பேட்லாக் என்றால் ஆங்கிலத்தில் தொங்குபூட்டு. பனியன் தைக்கிற ஊரில் பூட்டுக்கு எதற்கு டைலர்?

நானும் திகைத்தவன்தான். பேக்கரியில் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டைலரிடம் கேட்டேன். (எங்கள் பக்கம் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. அதையும் பிழை என்று எழுத ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.)

“ஏனுங்ண்ணா, பேட்லாக்னா பூட்டு இல்லீங்களா?”

“பூட்டா? கையோரம், அடியோரம் மடிச்சு அடிக்கற மிஷினுங்க தம்பி.”

“ஓ, ஃபிளாட்லாக்குங்களா?”

“அது கேட்டலாக்குல இருக்கறதுங்க. லைன்ல போயி அப்படிச் சொல்லிப் பாருங்க, புதுசுன்னு ஹெல்பர் வேலைக்குப் போட்டுருவாங்க.”

ஒரு பிழை எந்த நாளில் பிழையில்லாமல் ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. சரியாகச் சொல்கிறவன் தெரியாதவனாகத் தோன்றும் நாள் அது. இத்தனைக்கும் டைலர் சொன்ன கேட்டலாக்கும் சுத்தமில்லை. அடியோரம் மடித்துத் தைக்கிற அந்த மிஷினை வெளிநாட்டில் பலர் கவர்ஸ்டிச் என்பார்கள். ஃபிளாட்லாக் என்பது இரண்டு துணி விளிம்புகளைத் தட்டையாக இணைக்கும் வேறொரு தையல். பிழையான பெயரைத்தான் நாம் பிழையாக உச்சரிக்கிறோம்.

உச்சரிப்பு மாறிய வழியைச் சுலபமாகப் பின்தொடரலாம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்களைச் சேர்த்து ஒலிப்பது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை. ஃப என்பது ப ஆனது. அதை ஒட்டியிருந்த ள கழன்று விழுந்தது. மிச்சம் பேட்.

படிக்காதவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளுகிறவர்கள் ‘நிட்டிங்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திருப்பூர் பிழைப்பதே அந்தச் சொல்லை வைத்துத்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு கே எழுத்து ஏன் வெட்டியாக நிற்கிறது என்று பள்ளியில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அதைச் சேர்த்தே, ‘க்னிட்’ என்று சொன்னார்கள். முடிச்சுப் போடுதல் என்பது பொருள். முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’ அதன் உடன்பிறப்பு. அதற்கும் முன்னால் அதே கே. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஒலி தேய்ந்து, பிறகு காணாமலே போனது. முழங்காலை ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘க்னீ’ என்கிறார்கள். ஆங்கிலேயருக்கு அது வெறும் ‘நீ’. இரண்டு மெய் சேர்ந்தால் ஒன்று கழன்றுவிடுகிறது. பல்லடம் ரோட்டில் நடந்ததும் அதுவே. அவர்கள் எழுத்தில் பழைய உருவத்தை வைத்துக்கொண்டார்கள், நாம் எழுத்தையும் மாற்றிவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கம்பெனிகளில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. முதலில் அது நேப்ரன். நாப்கினுக்கு உறவு. ‘எ நேப்ரன்’ என்று ஒருவர் சொன்னதை மற்றவர் ‘அன் ஏப்ரன்’ என்று காதில் வாங்கிக்கொள்ள, ன் ஒலி சொல்லை விட்டு முன்னால் இருந்த ஒட்டுக்குக் குடிபெயர்ந்தது. கிரிக்கெட் அம்பயரும் அப்படி ன் இழந்தவர்தான். நிக்நேம் மட்டும் எதிர்த்திசையில் போனது. ‘அன் ஈக்நேம்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிலிருந்து ஒரு ன்-ஐப் பிடுங்கிக்கொண்டது. பட்டாணியின் கதை இன்னும் வேடிக்கை. ‘பீஸ்’ என்பதே முதலில் ஒருமை. கடைசி ஒலி பன்மை மாதிரிக் கேட்டதால், ஒற்றைப் பட்டாணிக்கு ‘பீ’ என்று புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். நாம் கடையில் நின்று ‘கூல்டிரிங்ஸ் ஒண்ணு குடுங்க’ என்கிறபோது அந்தக் கணக்கை நேர்செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பறவைக்கு அவர்கள் சொல்லும் ‘பேர்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘பிரிட்’. ர ஒலி இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இந்த இடமாற்றத்துக்குத் தமிழ்ப் பள்ளிப் பாடத்திலேயே பெயர் இருக்கிறது: இலக்கணப்போலி. தசை சதை ஆனதும், சிவிறி விசிறி ஆனதும் அந்தக் கணக்கில் வரும். போலி என்று பெயர் வைத்தாலும் இலக்கணம் அதை வாசலில் நிறுத்தவில்லை, வழக்குகளின் வரிசையில் ஓர் இருக்கை கொடுத்தது.

கொடுத்தவர் கிட்டத்தட்ட நம் பக்கத்துக்காரர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்குப் பெருந்துறையை அடுத்த சீனாபுரம்தான் ஊர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். அவர் வழக்கைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். கோயம்புத்தூர் கோவை ஆவது மரூஉ. ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர்களின் பேச்சை உரைகாரர்கள் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். பேட்லாக் அந்த வரிசையில் கூச்சமில்லாமல் போய் நிற்கும். இதற்கெல்லாம் மேலே வழுவமைதி என்று ஒன்று வைத்தார்கள். வழு என்றால் பிழை. காரணம் இருந்தால் அந்தப் பிழையை ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மா வந்துட்டா’ என்றால் அஃறிணையை உயர்திணையாக்கிய குற்றம், ஆனால் சொன்னது மகிழ்ச்சியில் என்பதால் அமைதி. செருப்பைத் தேடிக்கொண்டே போனில் ‘இதோ வந்துட்டேனுங்க’ என்று நாம் தினம் சொல்கிற பொய்யும் இலக்கணத்துக்குள் அடக்கம். விரைவு காரணமாக எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணத்தின் வேர் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. காலம் மாறும்போது பழையது கழிவதும் புதியது புகுவதும் பிழையாகாது என்றும் நன்னூலில் ஒரு நூற்பா உண்டு.

‘கள்’ விகுதியை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் அதை அஃறிணைப் பன்மைக்கு வைத்தார். மனிதர்களுக்கு ‘அர்’ போதும், அவர் என்றாலே பலர்தான். திருக்குறளிலேயே ஓரிரு இடங்களில் அர்-மேல் கள் ஏறிவிட்டது. பன்மைமேல் பன்மை. மரியாதைக்காக ஒருவரையே அவர் என்று சொல்லத் தொடங்கியதும் பலருக்கு இன்னொரு சொல் தேவைப்பட்டது. ‘அவர்கள்’ நிலைத்துவிட்டது. இன்று அதைத் தவறு என்று எந்த ஆசிரியராவது திருத்தினால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி. குழந்தையின் பழைய பன்மை ‘சில்டர்’ போல இருந்தது. அது பன்மையாகக் காதுக்கு உறைக்காததால் மேலே ஒரு ‘என்’ வைத்து ‘சில்ட்ரன்’ ஆக்கினார்கள்.

எந்தப் பிழை நிற்கும், எது உதிரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 2007இல் ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மேன், ழான்-பாப்டிஸ்ட் மிஷெல் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கு தவறிய 177 வினைச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இறந்தகாலத்துக்கு வழக்கமான ‘எட்’ விகுதி போடாமல் தனி உருவம் வைத்திருந்தவை அவை. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98தான். மற்றவை ஒவ்வொன்றாக ‘எட்’ போட்டுக்கொண்டன. ‘ஹெல்ப்’ ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் கொண்டது. இன்றைய ‘ஹெல்ப்டு’ அன்றைக்குப் பிழை.

யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்பதில் ஒரு கணிதம் இருந்தது. ஒரு வினை எவ்வளவு அடிக்கடி புழங்குகிறது என்ற எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அது மாறுகிறது. நூறில் ஒரு பங்கே புழங்கும் சொல் பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடும். காரணம் எளிது. நாளைக்கு நூறு தடவை காதில் விழுவதைக் குழந்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை விழுவதற்குப் பொதுவிதியைத்தான் போட்டுப் பார்க்கும். திருத்துவாரும் அதிகம் இருக்க மாட்டார்கள். தமிழிலும் வா, தா, சா போன்ற ஓயாமல் புழங்கும் வினைகள்தான் வந்தேன், தந்தேன், செத்தான் என்று முரண்டு பிடித்து நிற்கின்றன.

இங்கே எனக்கு ஒரு பெருமையும் ஒரு குறையும் உண்டு. ஹார்வர்டுக்காரர்கள் எண்ணினார்கள். நம் இலக்கணக்காரர்கள் ‘ஏன் அப்படிச் சொன்னான்’ என்று கேட்டார்கள். மகிழ்ச்சியா, அவசரமா, மரியாதையா என்று. இரண்டும் வேண்டும். எனக்குத் தெரிந்து நம்மிடம் எண்ணுகிற வேலை அதிகம் நடக்கவில்லை. நடந்திருந்தால் நோட்டீஸ்களில் ஃபிளாட்லாக் எந்த வருஷம் பேட்லாக்கிடம் தோற்றது என்று சொல்லியிருக்கலாம்.

எண்ணவும் செய்யாமல் காரணமும் கேட்காமல் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். 1712இல் ஜோனதன் ஸ்விஃப்ட், ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதினார். அவருக்குப் பிடிக்காத சொற்களில் ‘மாப்’ (கும்பல்) ஒன்று, ஒரு லத்தீன் தொடரின் வாலை வெட்டிச் செய்தது. இன்று பத்திரிகையில் அது இல்லாத வாரம் உண்டா? சாமுவேல் ஜான்சன் மொழியைக் கட்டி நிறுத்தும் ஆசையில் அகராதி வேலையைத் தொடங்கினார். 1755இல் அகராதி வெளிவந்தபோது முன்னுரையிலேயே அது யாராலும் ஆகாத காரியம் என்று ஒப்புக்கொண்டார்.

நம் ஊர்ப் பிழைகளிலும் சில அகராதி ஏறிவிட்டன. ஒத்திப்போடுவது ‘போஸ்ட்போன்’ என்றால் முன்னால் இழுப்பது ‘பிரிபோன்’ தானே என்று நாம் போட்ட கணக்கை ஆக்ஸ்ஃபோர்டு சேர்த்துக்கொண்டது. ‘டூ த நீட்ஃபுல்’ என்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் மெயில் அனுப்பும்போது சிரிக்கிற இங்கிலாந்துக்காரர், அது தன் பாட்டன் எழுதிய ஆங்கிலம் என்பதை மறந்துவிட்டார். நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ‘ரிப்பேர்’ மட்டும் தலைகீழாகிவிட்டது. அவர்களுக்குச் சரிசெய்வது, நமக்குக் கெட்டுப்போவது. மிஷின் ரிப்பேர் என்றால் வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

இப்படிப் பொருள் மாறியவற்றில் நம் தொழிலின் பெயரும் ஒன்று. ஹோசியரி என்றால் முதலில் காலுறை வகைகள். திருப்பூரில் சைமா என்று எல்லோரும் அழைக்கும் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் ஹோசியரி இருக்கிறது, தமிழ்ப் பெயரில் அந்த இடத்தில் பனியன் இருக்கிறது. அந்தப் பனியனையும் உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மனிதர் நிற்கிறார். குஜராத்தியில் வணிகருக்கு வாணியோ. போர்ச்சுகீசியர் வாயில் அது பனியன் ஆனது. அந்த வணிகர்கள் அணிந்தது போன்ற தொளதொள அங்கிக்கு ஐரோப்பியர் அதே பெயரை வைத்தார்கள், பிறகு அது உள்சட்டைக்கு இறங்கியது. பாரசீக வளைகுடாவில் பந்தர் அப்பாஸ் பக்கம் அவர்கள் கூடிய ஆலமரத்தையும் அவர்கள் பெயராலேயே சொன்னார்கள். அப்படித்தான் ஆங்கிலத்தில் ஆலமரமும் பனியனும் ஒரே சொல்லாயின.

எல்லாப் பிழையையும் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக எந்த மெர்ச்சண்டைசரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டர் தாளில் துணியின் எடை (ஜிஎஸ்எம்) 180 என்று இருக்க 160 ஓட்டினால் எந்த வழுவமைதியும் காப்பாற்றாது. நெஞ்சுப் பிரிண்டில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும். பேச்சில் பிழை காலப்போக்கில் மன்னிக்கப்படும், இன்வாய்ஸில் காலம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பேக்கரியில் ஒடிசாப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வந்து எட்டு மாதமாம். தமிழ் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று உற்சாகமாகத் தலையாட்டிவிட்டு, விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தான்: “கரண்ட், ரிப்பேர், பீஸ், பேட்லாக், சாப்பாடு.”