கவிழ்ந்தால் எழும்பத் தெரிய வேண்டும்: கயாக் விளையாட்டும் திருகோணமலைப் பிள்ளைகளின் படிப்பும்

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மலைநாட்டில் பாறையில் மோதி நுரைத்த தண்ணீர் மூதூர்ப் பக்கம் வரும்போது களைத்துப்போய், வண்டல் சுமந்து, மெதுவாக வருகிறது. திருகோணமலை மாவட்டத்தில் கடல் உண்டு, களப்பு உண்டு, முகத்துவாரம் உண்டு. நுரைத்துப் பாயும் ஆறு மட்டும் இல்லை.

அப்படிப்பட்ட ஆற்றில் சிறிய படகு ஓட்டும் விளையாட்டைப் பற்றி இங்கிருந்து எழுதுவதற்குக் காரணம் ஒரு கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிகளைத் தொலைபேசித் திரையில் பார்த்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் உலகப் போட்டிகளுக்குப் போகும் இந்தப் பிள்ளைகள் எப்போது படிக்கிறார்கள்? எங்கள் பிள்ளை ஒன்று இதைச் செய்ய விரும்பினால், உயர்தரத்தையும் வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? தேடிப் பார்த்தபோது பதில் பிள்ளையின் திறமையை விட, பிள்ளையைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில்தான் அதிகம் இருப்பதாகத் தெரிந்தது.

முதலில் விளையாட்டு என்னவென்று பார்ப்போம்

கயாக் என்பது ஒருவர் கால்நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு. ஆர்க்டிக் கரையில் வாழும் இனுயிட் மக்கள் கடல்வேட்டைக்குச் செய்த படகிலிருந்து வந்தது. பாறைகளுக்கிடையே வெண்ணுரையாகப் பாயும் ஆற்றில் இதை ஓட்டுவதை வைட்வோட்டர் கயாக்கிங் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஆறுகளை, இலகுவானது முதல் உயிராபத்தானது வரை, ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள்.

இதன் ஒலிம்பிக் வடிவம் சிலாலம். தண்ணீருக்கு மேலே 18 முதல் 25 வாயில்கள் தொங்கும். ஒவ்வொரு வாயிலும் இரண்டு கம்புகள். பச்சை வாயிலை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பு வாயிலை நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி வந்து கடக்க வேண்டும். கம்பில் உடம்போ படகோ துடுப்போ பட்டால் 2 செக்கன் கூடும். வாயிலைத் தவறவிட்டால் 50 செக்கன் கூடும். அதோடு போட்டி முடிந்த மாதிரித்தான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்காக அவுக்ஸ்பேர்க் நகரில் முதலில் நடந்தது. பிறகு இருபது வருட இடைவெளி. 1992 பார்சிலோனாவிலிருந்து தொடர்ந்து நடக்கிறது.

கைப்பலம் இருந்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் இது தண்ணீரை வாசிக்கும் விளையாட்டு. பாறைக்குப் பின்னால் நீரோட்டம் எதிர்ப்பக்கமாகச் சுழலும். அங்கே படகு ஆறுதலாக நிற்கும். அந்தச் சுழிப்பை நம்பித்தான் வீரர் ஆற்றின் நடுவே நிற்கவும் திரும்பவும் முடிகிறது. வாடைக்காற்றில் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவரும் எங்கள் மீனவர்கள் அலையை எண்ணிப் பார்த்துத் திருப்புவார்களே, அந்த அறிவின் இன்னொரு வடிவம் இது.

கயாக் கற்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வேகத்தை அல்ல, கவிழ்வதை. படகு தலைகீழானதும் பதறாமல் மூச்சடக்கி, இடுப்பைச் சுற்றிய துணியைக் கழற்றி வெளியே வருவது முதல் பாடம். வெளியே வராமல், துடுப்பையும் இடுப்பையும் சுழற்றிப் படகோடு நிமிர்வது அடுத்த பாடம். இதைப் படிக்க நுரைத்த ஆறு தேவையில்லை. குளமும் நீச்சல் தடாகமும் அமைதியான கடலும் போதும். வாயில்களைக்கூட அசையாத தண்ணீருக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் பயிற்சி செய்யலாம். உலகத் தரத்திலுள்ளவர்களும் அப்படிச் செய்கிறார்கள்.

படிப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்

எவி லைப்பார்த் 2004இல் பிறந்தவர். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் பிரைசன் சிற்றி என்ற சிறிய மலையூர்க்காரி. தந்தை முன்னாள் வீரர், மகளுக்குப் பயிற்றுநரும் அவரே. 15 வயதில் உலகக் கிண்ணப் பதக்கம் பெற்றார். 17 வயதில் டோக்கியோ ஒலிம்பிக். 20 வயதில் பாரிஸில் ஒற்றைத் துடுப்புக் கனூ பிரிவில் வெண்கலம். இதற்கிடையே டேவிட்சன் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவியும் ஆனார்.

செய்தியாக வாசித்தால் ‘விடாமுயற்சி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். வரைபடத்தை விரித்தால் வேறொன்று தெரியும். அவர் வளர்ந்த ஊரின் பக்கத்தில் ஓடுகிறது நன்டஹாலா ஆறு. அதன் தண்ணீர் மின் நிலையத்திலிருந்து திறந்துவிடப்படுகிறது. எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். ஆகவே தண்ணீர் வரும் நேரத்தை வைத்துப் படிக்கும் நேரத்தைத் திட்டமிடலாம். டேவிட்சன் கல்லூரி சார்லட் நகருக்கு அருகில் இருக்கிறது. அந்த நகரில் 2006இல் திறந்த செயற்கை வைட்வோட்டர் நிலையம் உண்டு. தண்ணீரைப் பம்பி செயற்கையாக ஓடவிடும் கொங்கிரீட் ஆறு அது. கல்லூரியிலிருந்து காரில் ஏறக்குறைய அரை மணித்தியாலம்.

பாரிஸில் அதே பிரிவில் தங்கம் வென்ற அவுஸ்திரேலியாவின் ஜெசிக்கா பொக்ஸின் கதையும் இப்படித்தான். தந்தை ரிச்சர்ட் பொக்ஸ் ஐந்து முறை தனிநபர் உலகச் சம்பியன். தாய் மிரியாம் 1996 ஒலிம்பிக் வெண்கலப் பதக்கக்காரர்; மகளின் பயிற்றுநர். சிட்னியின் மேற்கே பென்றித்தில், 2000 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய 320 மீற்றர் செயற்கை ஆற்றில் பயின்றவர். 2012 லண்டனில் வெள்ளி வென்றபோது அவருக்கு 18 வயது. பாரிஸில் கயாக், கனூ இரண்டிலும் தங்கம். தங்கை நோமி கயாக் குறொஸில் தங்கம். எங்கள் புலம்பெயர் சொந்தங்கள் நிறையப் பேர் வாழும் பெண்டில் ஹில், டூன்காபி பகுதிகளிலிருந்து பென்றித்துக்கு ரயிலிலேயே போகலாம். அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் இதைக் கவனித்திருக்கிறார்களோ தெரியவில்லை.

இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பயிற்சியும் படிப்பும் சண்டை போடுவது பெரும்பாலும் பயணத்திலும் நிச்சயமின்மையிலும்தான். தண்ணீர் பக்கத்தில் இருந்து, நேரம் முன்கூட்டியே தெரிந்து, வீட்டில் ஒருவருக்கு விளையாட்டு விளங்கினால், ஒன்றரை மணித்தியாலப் பயிற்சி ஒரு ரியூசன் வகுப்பு அளவுதான்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. ஈரானிலிருந்து ஜேர்மனிக்குத் தஞ்சம் தேடிப் போன அமீர் ரெசானெஜாட், பாரிஸில் அகதிகள் ஒலிம்பிக் அணிக்காக சிலாலத்தில் இறங்கினார். நாட்டை விட்டு வந்தவருக்கும் ஏற்பாடு கிடைத்தால் ஆறு கிடைக்கிறது.

எங்கள் பக்கக் கணக்கு

இலங்கையில் வைட்வோட்டர் என்றால் கிதுல்கலை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனியாகிப் பாயும் இடம். அங்கேயும் தண்ணீரை முடிவு செய்வது மேலேயுள்ள மின் நிலையங்களும் அணைகளும்தான். அங்கு பெரும்பாலும் ஓடுவது சுற்றுலாப் பயணிகளின் ராப்ட். நானும் அதில்தான் ஏறியிருக்கிறேன். திருகோணமலையிலிருந்து போக ஒரு முழு நாள் வேண்டும். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் 2013 முதல் மலபார் நதி விழா என்ற கயாக் போட்டி நடந்து வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை மகேஸ்வரில் சிலாலம் நடக்கிறது.

பருவகாலக் கணக்கு எங்களுக்குச் சாதகமானது. கச்சான் வீசும் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை எங்கள் கடல் தடாகம் போலக் கிடக்கும். அடிப்படை படிக்க அதுவே நேரம். வாடை தொடங்கி இங்கே கடல் கொந்தளிக்கும்போது கிதுல்கலையில் ஓடுவதற்கு ஏற்ற காலம் பிறக்கிறது. டிசம்பரில் பாடசாலை விடுமுறையும் வருகிறது. இயற்கை போட்டுத் தந்த அட்டவணை இது.

ஒத்துவராதது பரீட்சை அட்டவணை. ஓகஸ்டில் நடந்து வந்த உயர்தரப் பரீட்சை, கொவிட்டுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு அலைந்தது. 2021க்கு உரியது 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022க்கு உரியது 2023 ஜனவரியில். 2023க்கு உரியது 2024 ஜனவரியில். 2024க்கு உரியது அதே வருடம் நவம்பரில். எந்த மாதம் பரீட்சை என்று தெரியாத பிள்ளை எந்த மாதம் போட்டிக்குப் போவதென்று எப்படித் தீர்மானிக்கும்?

பெற்றோரின் பயத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. இசட் புள்ளியில் சின்ன வித்தியாசம் வாழ்க்கையை மாற்றும். அதை விட ஆழமான காரணமும் உண்டு. காணி போனது, வீடு எரிந்தது, வள்ளமும் வலையும் போயின. முகாமிலிருந்து முகாமுக்கு அலைந்தபோதும் பையில் பத்திரமாக இருந்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பெறுபேற்றுத் தாளும்தான். 2006 யூலையில் மாவிலாற்று மதகை வைத்து மூண்ட சண்டையில் மூதூர் கிழக்கும் சம்பூரும் வெறுமையானதைக் கண்ட சனம், ‘படிப்பை விட்டிடாதே’ என்று பிள்ளைக்குச் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே சனத்துக்குத் தண்ணீரும் பயமாகிப் போனது. யுத்த காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போக பாஸ். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. உட்துறைமுகக் கரையில் பெரும்பகுதி இன்றும் கடற்படையிடமும் துறைமுகத்திடமும் இருக்கிறது. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, அந்த அமைதியான தண்ணீரைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வாடகைக்கு இருக்கும் பிளாஸ்ரிக் கயாக்குகள் சுற்றுலாக்காரருக்கு.

விளையாட்டை விடப் பெரிய விசயம்

2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆட்களை ஏற்றிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் அதில் இறந்தார்கள். பாதுகாப்பான பாதை கொடுக்காததுதான் அந்த மரணங்களின் காரணம். பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாததன் மேல் பழியைப் போடக்கூடாது. ஆனாலும் இந்த மாவட்டத்தில் பாடசாலைக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் இருக்கிறது. கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவது என்ற கயாக்கின் முதல் பாடம் இங்கே பொழுதுபோக்கு அல்ல.

இதைக் கற்கும் உடம்பு எங்கள் பிள்ளைகளிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் திரும்பவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். அவர் படித்த சட்டத்தரணி; 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் விட்டார். 2024 மார்ச்சில் திருகோணமலையைச் சேர்ந்த 13 வயதுப் பாடசாலை மாணவர் ஒருவர் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்தார். ஆனால் சாதனை செய்த பிறகு மாலை போடுவது சுலபம். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான காலைகளில் யார் கூட்டிப் போனார்கள், கரையில் யார் நின்றார்கள், தவறிய பாடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. முதலாவது, உள்ளூராட்சி சபையும் கல்வி வலயமும் சேர்ந்து, கச்சான் காலத்தில் கிழமைக்கு இரண்டு நாள், அமைதியான ஒரு கரையில் நீச்சலும் கவிழ்ந்து எழுதலும் பழக்கலாம். உயிர்காப்பு அங்கியும் தகுதியான பயிற்றுநரும் கட்டாயம். ஏழாம், எட்டாம் வகுப்பில் தொடங்கினால் சாதாரண தரத்துக்கு முன் அடிப்படை முடிந்துவிடும். இரண்டாவது, உட்துறைமுகத்தில் ஒரு துண்டுக் கரையைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குறித்த நேரத்தில் திறந்துவிடும்படி மாவட்டப் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். மூன்றாவது, போட்டிக்குப் போகும் மாணவருக்குத் தவறிய பாடங்களை மீட்டுக்கொடுக்கும் பொறுப்பைப் பாடசாலை ஓர் ஆசிரியரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். நான்காவது, விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய, சர்வதேசத் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சிறிய அளவில் விசேட அனுமதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலேயே அது உள்ளது. சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்ல வேண்டும்.

இதனால் நாளைக்கே திருகோணமலையிலிருந்து ஒலிம்பிக் சிலாலம் வீரர் வரப்போவதில்லை. பத்துப் பிள்ளைகள் தொடங்கினால் ஒருவர் கிதுல்கலை வரை போகலாம், இன்னொருவர் கோழிக்கோடு வரை போகலாம். மற்ற எட்டுப் பேரும் தண்ணீரில் விழுந்தால் எழும்பத் தெரிந்தவர்களாக, படிப்பும் கெடாமல் வீட்டுக்கு வருவார்கள். இந்த மாவட்டத்துக்கு அந்த எட்டுப் பேரும் முக்கியம்.