மைக்ரோஃபைபர் பேட்: பெயரில் மென்மை, வேலையில் கத்தி! கார் பாலிஷுக்கு முன் கவனிக்க வேண்டியவை

கருப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு நிறத்தில் கார் வைத்திருப்பவரா நீங்கள்? நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி, பானெட்டில் சூரியன் பளிச்சென்று பிரதிபலிக்கும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், அதுதான் 'ஸ்விர்ல் மார்க்'. உண்மையில் அவை வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகின்றன.

காரணம்? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினமும் காலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியில் பத்து வண்டி துடைக்கப்படுகிறதே, அதுதான். துணியில் ஒட்டிய மணல்தான் கீறுகிறது. (துடைப்பவரைக் கோபித்துப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு பக்கெட்தான்.)

இதைச் சரிசெய்ய டீட்டெய்லிங் கடைக்குப் போனால், "மைக்ரோஃபைபர் பேட் போட்டுப் பண்றோம் சார், பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். நாமும் டிக்கியில் இருக்கும் மைக்ரோஃபைபர் துணியை நினைத்துத் தலையாட்டி விடுகிறோம். இங்கேதான் சிக்கல். துணிக்கும் பேடுக்கும் பெயர்தான் ஒன்று. துணி துடைக்கும், பேட் வெட்டும்.

கீறல் எங்கே போகிறது?

கீறல் 'போவது' இல்லை. கீறலைச் சுற்றியுள்ள பெயின்ட்டை, கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறார்கள். பள்ளம் மறைவது பள்ளத்தை நிரப்பியதால் அல்ல, மேட்டைக் குறைத்ததால்.

இன்றைய கார்களில் வண்ணத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத அடுக்கு இருக்கிறது. பளபளப்பும் வெயிலிலிருந்து பாதுகாப்பும் இதன் வேலை. இதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதாவது, வண்டியைக் காக்கிற மொத்தக் கவசமும் ஒரு முடியைவிட மெல்லியது. ஒவ்வொரு மெஷின் பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. டெபாசிட் போடவே முடியாத அக்கவுன்ட்டில் பணம் எடுப்பது மாதிரி! அளவுக்கு மீறி எடுத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருடங்களில் ரூஃபிலும் பானெட்டிலும் வெளிறி, உரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு ரீபெயின்ட் மட்டும்தான் வழி.

எனவே 'எந்த பாலிஷ்?' என்று கேட்பதைவிட, 'எந்த பேட்?' என்று கேட்பது முக்கியம். ஒரே காம்பவுண்டை மென்மையான ஃபோம் பேடில் போட்டால் ஒரு மாதிரி, மைக்ரோஃபைபரில் போட்டால் வேறு மாதிரி வெட்டும்.

பேடுக்குள் என்ன இருக்கிறது?

மூன்று அடுக்குகள். மெஷினில் ஒட்ட வெல்க்ரோ, நடுவில் ஃபோம், மேலே பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த நுண்ணிழைகள். ஃபோம் பேட் காம்பவுண்டில் ஒரு பகுதியைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோஃபைபரில் அந்தத் தேய்ப்புத் துகள்கள் இழைகளின் நுனியிலேயே தங்கி, நேராக பெயின்ட்டில் வேலை செய்கின்றன. போதாக்குறைக்கு, ஆயிரக்கணக்கான இழைகளும் தங்கள் பங்குக்குத் தேய்க்கின்றன. அதனால்தான் ஆழமான கீறல், போர்வெல் தண்ணீர் காய்ந்து அரித்த உப்புக்கறை போன்றவற்றுக்கு இது வேகமாகப் பலன் தருகிறது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. மென்மையான பெயின்ட்டில், குறிப்பாகக் கருப்பில், வேலை முடிந்ததும் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் நிற்கும். இழைகளே போட்ட நுண்கீறல்கள் அவை. அதை எடுக்க ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் கொண்டு இரண்டாவது ரவுண்டு போக வேண்டும். "மைக்ரோஃபைபர் ஒண்ணு போதும், ஒரே ஸ்டெப்ல முடிஞ்சிடும்" என்று யாராவது கருப்புக் காருக்குச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஜி.பி. ரோடு கடையிலோ ஆன்லைனிலோ தேடும்போது முதலில் கண்ணில் படுவது நிறம். அதை நம்பாதீர்கள். எல்லா கம்பெனிக்கும் பொதுவான நிற விதி கிடையாது. ரூப்பெஸ் வரிசையில் மஞ்சள் என்றால் மென்மையான வேலைக்கு. லேக் கன்ட்ரி ஃபோம் பேடுகளில் மஞ்சள் என்றால் கட்டிங். நிறத்தை மட்டும் பார்த்து மாற்றி வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது நடு ஃபோமின் தடிமனும் இழையின் நீளமும். ஃபோம் மெல்லியதாக, இறுக்கமாக இருந்தால் மெஷினின் அழுத்தம் நேராக இறங்கும், வெட்டு அதிகம். தடிமனாக, மெத்தென்று இருந்தால் வளைவுகளில் படிந்து போகும், வெட்டு குறைவு. மெகுவையர்ஸ் தன் மைக்ரோஃபைபர் டிஸ்க்குகளைக் கட்டிங், ஃபினிஷிங் என்று இரண்டாகப் பிரித்து விற்பதும் இந்த அடிப்படையில்தான். இழை நீளமாக இருந்தால் காம்பவுண்டில் ஊறிச் சீக்கிரம் படுத்துவிடும். குட்டை இழை நீண்ட நேரம் ஒரே மாதிரி வேலை செய்யும்.

அடுத்தது அளவு. பேட், மெஷினின் பேக்கிங் பிளேட்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். 5 இன்ச் பிளேட்டுக்கு 5.5 இன்ச் பேட் சரியாக இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்து, கை லேசாகச் சாய்ந்தால்கூட பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடித்துவிடும். பம்பர், பில்லர், கண்ணாடி மூடிகளுக்கு 3 இன்ச் செட் தனியாகத் தேவை. நடுவில் ஓட்டை உள்ள பேட் கிடைத்தால் நல்லது. சூடு அதிகம் சேரும் இடம் மையம்தான். பிளேட்டில் நடுவாக ஒட்டவும் அந்த ஓட்டை உதவும்.

மெஷினும் பேடும் பொருந்த வேண்டும். மைக்ரோஃபைபர் பேடுகள் பெரும்பாலும் 'டூயல் ஆக்‌ஷன்' மெஷினுக்காகச் செய்யப்பட்டவை. சுற்றிக்கொண்டே ஊசலாடும் வகை இது. ஒரே இடத்தில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினில் இவற்றை மாட்டினால் சூடு எகிறும். ஃபோம் பசை விட்டுப் பிரியலாம், பெயின்ட்டும் கருகலாம். பிளாஸ்டிக் பம்பரில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் உலோகம் மாதிரி அது சூட்டைக் கடத்தி விடாது. அழுத்தமும் அளவோடு இருக்கட்டும். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரியவில்லை என்றால், நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், பேட் சுழலாமல் வெறுமனே அதிர்கிறது என்று அர்த்தம்.

ஒரு காருக்கு ஒரு பேட் போதுமா?

போதாது. பலரும் சறுக்குவது இங்கேதான். தேய்ந்து வந்த பெயின்ட் தூளும் காய்ந்த காம்பவுண்டும் இழைகளுக்குள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த பேட் கீறலை எடுக்காது, புதுக் கீறல் போடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காற்றழுத்தத்தாலோ பிரஷ்ஷாலோ சுத்தம் செய்ய வேண்டும். முழுக் காருக்குக் குறைந்தது நான்கைந்து பேட் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. துவைக்கும்போது மிதமான டிடர்ஜென்ட் மட்டும் போதும். ஃபேப்ரிக் கண்டிஷனரும் சூடான டிரையரும் வேண்டாம்.

சொந்தமாக மெஷின் வாங்கிப் பழகுபவர்களுக்கு என் கருத்து இது: மைக்ரோஃபைபரில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் மீடியம் ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் போட்டுப் பாருங்கள். தினசரித் துடைப்பால் வந்த ஸ்விர்ல் பலவும் இதிலேயே மறைந்துவிடும். மறையாவிட்டால் மட்டும் மைக்ரோஃபைபரை எடுங்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறலைத் துரத்தவே வேண்டாம். அதை எடுக்கப் போனால் கிளியர் கோட் தாங்காது. மேட் ஃபினிஷ் வண்டியில் எந்த பேடும் படக்கூடாது.

கடையில் விடுபவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். பெயின்ட் தடிமனை கேஜ் வைத்து அளப்பீர்களா? ஏற்கெனவே ரீபெயின்ட் ஆன பேனலை அதில்தான் கண்டுபிடிக்க முடியும். விளிம்புகளுக்கு டேப் ஒட்டுவீர்களா? பெயின்ட் மிக மெல்லியதாக இருக்கும் இடம் அதுதான். முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைத்துவிட்டு, லைட் அடித்துக் காட்டுவீர்களா? சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் ஃபில்லரும் கீறலைத் தற்காலிகமாக மூடிவிடும், இரண்டு வாட்டர் வாஷ் போனதும் பழைய வலை திரும்பி வரும். அப்படித் துடைத்த பிறகு பானெட் எப்படித் தெரிகிறதோ, அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.