பெர்த்தாம் ஆற்றுக்கு ஒரு கிராணி

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிராணி யாரென்று சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. கூடையோடு வந்த கொழுந்தைத் தராசில் நிறுத்து, ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டு, மிச்சத்தை ஏட்டில் பதிந்தவர் அவர். அவர் பதிந்ததே அன்றைய உழைப்பு, அவர் பதியாதது ஆண்டவனுக்கே வெளிச்சம். பஹாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மேகம் தாழ்ந்து தவழும் கேமரன் மலையில், இப்போது வேறொரு விதமான கிராணியும் உத்தியோகம் பார்க்கிறார். அவர் நிறுப்பது கொழுந்தை அல்ல, ஆறு அள்ளிக்கொண்டு போகும் மண்ணை. ஊர் அவரை மாசு தடுக்கும் என்ஜினீயர் என்கிறது.

மாசு என்றவுடன் நம் மனத்தில் எழுவது கரும்புகை கக்கும் ஆலையும், நுரைத்துக்கொண்டு ஓடும் சாயக் கழிவும்தான். தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் சரிவெங்கும் படர்ந்திருக்கிற இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அப்படி ஓர் என்ஜினீயருக்கு என்ன வேலை என்று பிரயாணிகள் ஆச்சரியப்படுவதில் பிழையில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு உள்ள வேலை சொற்பம். வாடவிட்டு, உருட்டி, நிறம் மாறவிட்ட கொழுந்தை உலர்த்த வெப்பம் வேண்டும்; அந்த வெப்பத்துக்காக எரிகிற அடுப்பின் புகைபோக்கியை அவர் கவனிக்க வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வெண்மையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கோடிட்ட ஓர் அட்டையை நீட்டிப் பிடித்து, புகை எந்தப் படிக்கு ஒத்திருக்கிறதென்று கண்ணாலேயே மதிப்பிடும் முறை ஒன்றுண்டு. 1880களில் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த அந்த எளிய யுக்தி இன்னமும் உலகெங்கும் வழக்கிலிருப்பது எனக்கு ஒரு வேடிக்கையாகவே படுகிறது.

நம் என்ஜினீயருடைய மெய்யான விவகாரம் இம்மலையில் ஓடும் பெர்த்தாம் ஆற்றோடு. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற சர்வேயர் இம்மலைகளை அளக்க வந்தபோது இங்கே இருந்தது காடும் பூர்வகுடிகளும்தான். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் பிறந்தது. காட்டை வெட்டிச் செடி நட்ட கைகளில் பெரும்பான்மை தமிழ்க் கைகள் என்பது நம்மவர்கள் மறக்கக்கூடாத சங்கதி. காட்டை அழித்தது குற்றமே ஆயினும், தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் அது பிடுங்கப்படுவதில்லை. தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மழைத்துளி நேரே தரையில் அறையாமல் தடுக்கின்றன. வேர்கள் சரிவைப் பற்றிக்கொள்கின்றன. பின்னால் வந்த காய்கறிப் பயிர் அப்படியல்ல. கோஸும் தக்காளியும் சில மாதங்களுக்கொருமுறை மண்ணைக் கிளறச் சொல்கின்றன; பாத்திக்காக மலை வெட்டப்படுகிறது; கோழி எரு கொட்டப்படுகிறது; பிளாஸ்டிக் கூரைகளிலிருந்து வழியும் தண்ணீர் வாய்க்காலை நோக்கி வேகமெடுக்கிறது. அந்திமழை ஒன்று பலமாகப் பெய்தால், காலையில் பளிங்காக இருந்த பெர்த்தாம் ஆறு மாலையில் பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது.

அந்த மண் எங்கே போகிறது என்பதற்கு ரிங்லெட் ஏரியே பிரத்தியட்ச சாட்சி. மின்சாரத்துக்காகப் பெர்த்தாமை மறித்து, 1963-இல் சுல்தான் அபு பக்கர் அணை கட்டி முடிக்கப்பட்டது; அதன் நீர்த்தேக்கமே இந்த ஏரி. தெலோம் ஆற்றின் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்த்தாமில் சேர்க்கப்பட்டது. ஏரியில் தேங்கிய நீர் இன்னொரு சுரங்கத்தில் இறங்கி, பேராக்கிலுள்ள ஜோர் நிலத்தடி நிலையத்தில் 100 மெகாவாட் இயந்திரங்களைச் சுழற்றுகிறது. கிழக்கே ஓடித் தென்சீனக் கடலில் கலந்திருக்க வேண்டிய பஹாங் மழை மேற்கே திரும்பி மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேர்வது மனித சாமர்த்தியத்தின் விநோதங்களில் ஒன்று. ஏரியின் கொள்ளளவு 67 லட்சம் கன மீட்டர். அதில் 20 லட்சம், வந்து படியப்போகும் மண்ணுக்கென்றே அடியில் ஒதுக்கப்பட்டது. கட்டியவர்கள் மண் வரும் என்று அறியாதவர்கள் அல்லர். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு வரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. ஒதுக்கிய இடம் நிரம்பி, தண்ணீருக்குரிய இடத்தையும் மண் அபகரித்துக்கொண்டது. தூர்வாருவது ஓயாத வேலையாயிற்று.

மண் நிறைந்த ஏரிக்கு வெள்ளத்தைத் தாங்கும் பொறுமை குறைவு. 2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், கனமழையால் மட்டம் உயர்ந்து மதகுகள் திறக்கப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் வெள்ளம் சேறும் நீருமாகப் புகுந்து உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம், மறுபடியும் சாவு.

இத்தனைக்கும் மலேசியா மாசு தடுக்கும் சாஸ்திரத்தில் பின்தங்கிய தேசம் அன்று. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டு அதற்கென ஓர் இலாகாவும் ஏற்பட்டபின், முதல் தலைமுறை என்ஜினீயர்கள் எதிர்கொண்டது செம்பனை எண்ணெய் ஆலைகளை. கழிவு நீரில் எவ்வளவு அழுகல் இருக்கிறது என்பதை, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கின்றன என்று பார்த்துக் கணிப்பார்கள். அந்த அளவுக்கு பி.ஓ.டி. என்று பெயர். பிரிட்டனில் 1912-இல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கை ஐந்து நாள் சோதனையை ஏற்படுத்தியது. நம் உஷ்ணத்தில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பானவை ஆதலால், செம்பனைக் கழிவை இங்கே 30 டிகிரியில் மூன்றே நாளில் சோதிக்கிறார்கள். லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருந்த அந்தக் கழிவை 1978-இல் 5,000-க்குள்ளும், ஆண்டுதோறும் படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குள்ளும் கொண்டுவர வேண்டுமென்று உரிமத்தில் நிபந்தனை போட்டார்கள். ஆலைகள் முனகின, ஆயினும் குளம் குளமாக வெட்டி, கழிவைத் தேக்கி, நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துச் சாதித்துக் காட்டின.

அந்த வெற்றி கேமரன் மலையில் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில் விடை ஒரு குழாயில் இருக்கிறது. ஆலைக்குக் கழிவு வெளியேறும் குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் புட்டியைப் பிடிக்கலாம், உரிமத்தைக் காட்டி அபராதம் விதிக்கலாம். மலைச்சரிவுக்குக் குழாய் ஏது? குடிநீர் எடுக்குமிடத்துக்கு மேலே கழிவு விடும் தொழிற்சாலை, மிதக்கும் திடப்பொருளை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் வைத்திருக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. அதே ஆற்றின் மேலே நூறு பாத்திகளிலிருந்து மழை கரைத்துக்கொண்டு வரும் சேற்றின்மேல் அந்த விதி பாயாது. 1987-ஆம் ஆண்டின் ஆணைப்படி, காட்டை விவசாய நிலமாக்கும் திட்டம் 500 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு கட்டாயமாயிற்று. இங்கோ சில ஏக்கர் சில ஏக்கராகவே மலை கரைந்தது. போதாக்குறைக்கு, சுற்றுச்சூழல் இலாகா மத்திய சர்க்காருடையது, நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பது. காய்கறி விவசாயிகளில் பலர் காலங்காலமாகத் தற்காலிக உரிமம் பெற்றுப் பயிரிட்டவர்கள். நிலச் சட்டப்படி அந்த உரிமம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது, பிறகு புதுப்பிக்க வேண்டும். வருஷ முடிவில் நிலம் தன்னுடையதாக இருக்குமா என்று அறியாதவன் கல் அடுக்கிப் படிக்கட்டு வரப்பும் மண் தேங்கும் குழியும் எதற்காகக் கட்டுவான்? அவனை வைவது சுலபம்.

ஆகவே நம் என்ஜினீயருக்கு மிச்சமிருப்பது அளவும் கணக்கும். பாலத்தின் நடுவில் நின்று கயிற்றில் புட்டியை இறக்குகிறவரைப் பார்த்து, அவ்வழியே போகும் தோட்டத்துப் பெரியவர், "என்ன தம்பி, மீனு மாட்டுதா?" என்று கேட்பதும், "மீனு எங்கங்க ஐயா, மண்ணுதான் மாட்டுது" என்று இவர் சிரிப்பதும் இந்தத் தொழிலின் அன்றாடச் சம்பாஷணை. கரைக்கு வந்ததும், கூர்முனை கீழாக நிறுத்திய கண்ணாடிக் கூம்பில் ஒரு லிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். நுனியில் படிந்த வண்டல் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைக் குறித்துக்கொள்கிறார். மண் தேங்கும் குழியின் கணிதமும் அந்தக் கூம்பில்தான் இருக்கிறது. அசைவற்ற நீரில் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பருமனுள்ள மணல் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிஷம்; நூறிலொரு பங்கு பருமனுள்ள வண்டலுக்குச் சுமார் 3 மணி; ஆயிரத்திலொரு பங்கான களிமண்ணுக்கோ 13 நாள். எந்தக் குழியிலும் மழைநீர் 13 நாள் தங்காது. அதனால்தான் குழி வெட்டிய பிறகும் ஆறு சிவந்தே ஓடுகிறது. அதனால்தான் கீழேயுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கலந்து களிமண் துகள்களை ஒன்றுசேர்த்துக் கனக்கச் செய்து இறக்க வேண்டியிருக்கிறது. ஆறு வினாடிக்கு 5 கன மீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் மண் கலந்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 18 டன்.

இந்த உத்தியோகத்துக்கு வரும் வழி நீண்டது. கெமிக்கல் அல்லது சிவில் அல்லது சுற்றுச்சூழல் என்ஜினீயரிங்கில் நான்காண்டுப் பட்டம். பின்பு பொறியாளர் வாரியத்தில் பதிவு. குறைந்தது மூன்றாண்டு அனுபவம். அதன்மேல் தொழில்முறைத் தேர்வு. தேறினால் பெயருக்கு முன்னால் 'இர்.' என்று போட்டுக்கொள்ளும் கௌரவம். சிலர் இலாகாவில் அதிகாரியாகிறார்கள். சிலர் ஆலையின் கழிவு நிலையத்தை நடத்துகிறார்கள். சிலர் ஆலோசகராகி அறிக்கை எழுதுகிறார்கள். மூவரும் மாணவப் பருவத்து நண்பர்களாக இருந்து, ஒரே வழக்கில் மூன்று பக்கத்தில் நிற்க நேர்வதுண்டு. லயத்துக் குழந்தைகளில் கணக்கில் சூட்டிகையான ஒருவன் இந்தப் படிப்பைத் தேர்ந்தால், தாத்தா கொழுந்து நிறுக்கக் கொடுத்த மலையிலேயே அவன் தண்ணீர் நிறுக்கலாம்.

மாலை நான்கு மணிக்கு மேகம் இறங்கிவிடும். புட்டிகளில் தேதியும் நேரமும் எழுதிய சீட்டுகளை ஒட்டி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் அடுக்கி, மூடியைக் கயிற்றால் கட்டுகிறார் என்ஜினீயர். பிராணவாயுச் சோதனையை நாள் கடத்தித் தொடங்கினால் எண்ணுக்கு மதிப்பில்லை. இரவுக்குள் பெட்டி சோதனைச்சாலையைச் சேர்ந்தாக வேண்டும். தாப்பா சாலையின் வளைவுகளில், கோஸ் மூட்டை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால், அவருடைய வண்டி மெதுவாக இறங்குகிறது. சாலையோரத்துக் கான் வாய்க்காலில் சிவப்புத் தண்ணீர் அதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது.