ஆட்டுப்பாலில் ஒளிந்த கிருமி

மாணவர்களே, அலோர் காஜா தோட்டத்தில் எங்கள் பாட்டி ஆடு வளர்த்தார். “கறந்த சூட்டோடு குடி, இளைப்பு அண்டாது” என்பார். நானும் குடித்திருக்கிறேன். பினாங்கில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் குவளைதான் நினைவுக்கு வந்தது.

அங்கே ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் மூன்று வாரக் காய்ச்சல், தலைவலி, மிகுந்த வியர்வையோடு மருத்துவமனைக்கு வந்தார். டிங்கியா, மலேரியாவா, எலிச்சிறுநீர்க் காய்ச்சலா? எதுவுமில்லை. இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தும் கிருமி தென்படவில்லை. அவர் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்தவர், விற்றவரும்கூட. இந்தத் தடயத்தை வைத்தே மருத்துவர்கள் புருசெல்லா என்ற பாக்டீரியாவைச் சந்தேகித்தார்கள். சந்தேகம் சரிதான். ஓராண்டில், அதே பண்ணைப் பாலைக் குடித்த 79 பேருக்கு இந்நோய் உறுதியானது. இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வரையும் அது விடவில்லை! அறிகுறி தோன்றி நோயைக் கண்டறிய சராசரியாக 53 நாள் பிடித்தது என்கிறது 2015-இல் வெளிவந்த ஆய்வறிக்கை. ஒருவருக்கு 210 நாள்.

ஏன் இத்தனை தாமதம்? கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புருசெல்லா குடியிருக்கும். ஆட்டிலும் அப்படித்தான். சினை ஆட்டுக்குக் கரு கலையலாம். மற்றபடி அது நன்றாக மேயும். பாலின் நிறமும் மணமும் மாறாது. 1905-இலேயே மால்டாத் தீவில் சம்மிட் என்ற மருத்துவர், நலமாகத் தெரிந்த ஆடுகளே இந்நோயைச் சுமப்பதைக் கண்டுபிடித்தார்.

ஆகவே மந்தையில் கிருமியைத் தேடுவதைவிட, அதன் தடத்தைத் தேடுவது எளிது. கிருமி நுழைந்தால் ஆட்டின் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கும். ஆட்டின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர் ஒரு சொட்டு; கொன்று இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய புருசெல்லாக் கலவை ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் மெதுவாக அசைப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது கிருமிகளைப் பிணைத்து, சிறு கட்டிகளாகத் திரள வைக்கும். இதுதான் ரோஸ் பெங்கால் சோதனை. சில சமயம் வேறு கிருமியின் எதிர்ப்பொருளும் ஏமாற்றும் என்பதால், இன்னொரு சோதனையால் உறுதிசெய்வார்கள்.

உறுதியான ஆடுகளை நம் நாட்டில் வெட்டி அகற்றுகிறார்கள். வளர்த்தவருக்கு அது பெரிய இழப்பு. பயந்துபோய்ச் சத்தமில்லாமல் மலிவாக விற்றுவிடவும் தோன்றும். அங்கேதான் தடம் அறுந்து, நோய் அடுத்த மந்தைக்குப் போகிறது. ஆட்டின் காதில் உள்ள எண் பட்டை, அது யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதைக் காட்டத்தான்.

பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி சூடாக்கினால் புருசெல்லா செத்துவிடும். வீட்டில் பொங்கக் காய்ச்சினாலே போதும். பாட்டியின் ஆடுகள் எந்தச் சோதனைக்கும் போனதில்லை.