டீச்சர் இல்லாத குரூப்

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு ஜெராக்ஸ் கடை என்னுடையது. "அண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன், முன்னாடி பின்னாடி போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பிள்ளைகள் படியேறுவார்கள். வருவதில் பாதிக்கு மேல் நோட்டுப் புத்தகத்தின் போட்டோ. டியூப்லைட் வெளிச்சம், ஓரத்தில் கட்டைவிரல் நிழல், ஒரு மூலை காணாமல் போயிருக்கும். அதை நேராக்கி, கறுப்பைக் குறைத்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அடித்துக் கொடுப்பேன். பக்கத்துக்கு 2 ரூபாய். நேராக்குவதற்குக் காசில்லை.

போனிலேயே இருப்பதற்கு எதற்குத் தாள் என்று ஒருவனைக் கேட்டேன். "போன்ல படிச்சா நடுவுல ரீல்ஸ் வந்துடுதுண்ணா" என்றான். அதுவாக வருகிறதாம், இவன் போவதில்லையாம்.

பாடம் போனுக்குள் போனது ஒரே நாளில் இல்லை. 2018-ல் தமிழ்நாட்டில் புதுப் பாடப்புத்தகங்கள் வந்தபோது பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். போனைக் காட்டினால் வீடியோ ஓடும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அப்போது அதெல்லாம் கூடுதல் வசதிதான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதும் போனே வகுப்பறை ஆகிவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் எங்கள் தெருவில் அந்த வகுப்பறை காலையிலேயே மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனிக்குக் கிளம்பிவிடும், வேலைக்குப் போகும் அம்மாவின் கைப்பைக்குள். ராத்திரி எட்டு மணிக்கு அவர் திரும்பினால்தான் பகல் பாடம் பிள்ளை கைக்கு வரும். அண்ணன் பிளஸ் டூ என்றால் தங்கச்சி பத்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நாட்டின் கிராமங்களில் எடுக்கும் 'அசர்' கணக்கெடுப்பில், வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகள் 2018-ல் 36.5 சதவீதம், 2021-ல் 67.6 சதவீதம். ஆனால் போன் உள்ள வீட்டிலும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கே வரவில்லை. நாங்கள் கிராமம் இல்லை, சென்னை பைபாஸ் தொடங்குகிற இடம். பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை.

2021 ஜனவரியில், ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா என்று 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசு அறிவித்தது. நல்ல காரியம். டேட்டா இருந்தால் பாடம் வந்து இறங்கும். புரியவில்லை என்றால் யாரைக் கேட்பது?

வகுப்பு குரூப்பில் கேட்க முடியாது. நான் பார்த்தவரை அட்மின் மட்டும்தான் அதில் எழுத முடியும். வீட்டுப்பாடம், ஃபீஸ், மழை லீவு, அவ்வளவுதான். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள் 'குட் மார்னிங்' போட்டால் வீட்டுப்பாடம் எங்கேயோ மேலே போய்விடும். அதனால் பிள்ளைகள் டீச்சர் இல்லாத குரூப் ஒன்றைத் தொடங்கிக்கொள்கிறார்கள். பெயரெல்லாம் கன்னாபின்னாவென்று இருக்கும். அப்பா அம்மா பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் வீணும் இல்லை. தன்னை மட்டும் நீக்கிவிட்டார்கள் என்று ஒரு பெண் என் கடை வாசலில் நின்று அழுதிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு நோட்ஸும் போச்சு, தோழிகளும் போச்சு.

ஆனாலும் படிப்பு நடப்பது அங்கேதான் என்பதற்கு என் மெஷின் சாட்சி. போன வாரம் ஒரு பிளஸ் ஒன் பையன் ஏழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ராத்திரி 11:40-க்குத் தொடங்கிய பேச்சு. வரிசை மாற்றக் கணக்கு: ஒரு சொல்லின் உயிரெழுத்துகள் சேர்ந்தே வரவேண்டும், எத்தனை விதமாக அடுக்கலாம்? 'அதுங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுடு. இப்ப அது ஒரே எழுத்து. மொதல்ல எல்லாத்தையும் மாத்து, அப்புறம் ரப்பர் பேண்டுக்குள்ள மாத்து, ரெண்டையும் பெருக்கு' என்று இன்னொரு பிள்ளை விளக்கியிருந்தது. நடுவில் 'சாப்டியா', 'தூக்கம் வருதுடா', ஒரு பக்கம் முழுக்கப் பூனை ஸ்டிக்கர்.

"தம்பி, கணக்கை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுத் தரவா?"

"வேணாம்ணா, அப்படியே போடுங்க."

12 ரூபாய் வாங்கினேன். பூனைப் பக்கத்துக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டேன்.