சந்தையைப் பூட்டியவரே கடை திறந்த கதை

இணைய விளையாட்டுகளுக்கும் வர்த்தகப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என் மருமகன் கணனிக்கு முன்னால் அமர்ந்து, விளையாட்டுக்குள் விற்கப்படும் நிலக்கரியின் விலை ஏறுமா இறங்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இந்த விடயத்தில் ஓர் ஆர்வம். அவன் விளையாடியது ரூன்ஸ்கேப். அன்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தன் சகோதரருடன் சேர்ந்து உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனம் அதை நடத்துகிறது. இலவசமாகவும் விளையாடலாம், மாதச் சந்தா செலுத்தினால் கூடுதல் வசதிகள் உண்டு.

இதில் ஒருவர் சுரங்கம் தோண்டுவார், இன்னொருவர் சிங்க இறால் பிடிப்பார், மற்றொருவர் மரம் வெட்டுவார். கவசம் செய்பவருக்குத் தாதுப்பொருள் வேண்டும், சண்டைக்குப் போகிறவருக்கு உணவு வேண்டும். ஆகவே கொடுக்கல் வாங்கல் தானாகவே உருவானது. வாரொக் என்ற கற்பனை நகரின் வங்கி வாசலில் நின்று, நம் புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகளைப் போல, பொருளையும் விலையையும் கூவி விற்றார்கள். 2001 நத்தாருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட கடதாசித் தொப்பி ஒன்று இருந்தது. எந்தப் பயனும் இல்லாத பொருள். ஆனால் அதன்பின் அது வழங்கப்படவே இல்லை என்பதால், பிற்காலத்தில் அந்தத் தொப்பியின் விலை விளையாட்டுக்குள் கோடிக்கணக்கான நாணயங்களைத் தாண்டியது. அருமை விலையைத் தீர்மானிக்கும் என்பதை என் மருமகன் பாடசாலைக்கு முன்பே அங்கே படித்துவிட்டான்.

விளையாட்டு நாணயத்துக்கு மதிப்பு வந்ததும், அதை உண்மையான டொலருக்கு விற்கும் கூட்டமும் வந்துவிட்டது. கூலிக்கு ஆட்களை வைத்து இரவு பகலாக விளையாட வைத்து நாணயம் சேர்த்து விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பெரும்பகுதி சீனாவில். மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், பல்வேறு விளையாட்டுகளிலும் இத்தொழிலில் சுமார் 4 இலட்சம் பேர் ஈடுபட்டிருப்பதாகவும், சராசரி மாத வருமானம் சுமார் 145 டொலர் என்றும் மதிப்பிட்டார்.

ஜாகெக்ஸ் நிறுவனத்துக்கு வந்த தலைவலி வேறு. இந்தக் கூட்டத்தினர் பலர் திருடப்பட்ட கடனட்டைகளால் சந்தா செலுத்தினார்கள். அட்டையின் உண்மையான சொந்தக்காரர் முறையிட்டதும் வங்கி அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கடையில் கார்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படியான மீளெடுப்புகள் பெருகினால் கடனட்டை வசதியே பறிபோகும்.

எனவே நிறுவனம் சந்தையையே பூட்டியது. 2007 நவம்பரில் 'கிராண்ட் எக்ஸ்சேன்ஜ்' என்ற மத்திய சந்தை திறக்கப்பட்டது. 2008 ஜனவரி 2 ஆம் திகதி முதல், இரு விளையாட்டுக்காரர்கள் நேரடியாகப் பொருள் மாற்றும்போது இரு பக்கப் பெறுமதியும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆரம்பத்தில் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 3,000 நாணயம் மட்டுமே. மத்திய சந்தையிலும் அறிவிக்கப்பட்ட விலைக்குச் சற்று மேலோ கீழோதான் விற்கலாம்.

விளைவு? நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்க முடியாது. மலிவாக வாங்கி இலாபத்துக்கு விற்கும் திறமைக்கு இடமில்லை. ஆனாலும் வியாபாரிகள் வழி கண்டுபிடித்தார்கள். தொப்பியின் அறிவிக்கப்பட்ட விலை அதன் உண்மைப் பெறுமதிக்குக் கீழே நின்றபோது, எவரும் விரும்பாத, ஆனால் பட்டியலில் விலை உயர்ந்திருந்த குப்பைப் பொருட்களை நாணயத்துடன் சேர்த்துக் கொடுத்து வித்தியாசத்தை ஈடுசெய்தார்கள். கட்டுப்பாட்டு விலை அறிவித்ததும் அரிசி கடைத்தட்டிலிருந்து மறைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் நிறுவனம் வாடிக்கையாளர்களிடமே கேட்டது. சுமார் 12 இலட்சம் வாக்குகள். 91 வீதம் சுதந்திர வர்த்தகத்துக்கு ஆதரவு. 2011 பெப்ரவரி 1 ஆம் திகதி பூட்டு திறக்கப்பட்டது.

இனித்தான் முக்கிய விடயம். 2012 இல் அதே நிறுவனம் ஓர் அதிர்ஷ்டச் சக்கரத்தை அறிமுகப்படுத்தியது. முதலில் இலவசச் சுழற்சிகள். ஏப்ரல் மாதம் அந்தச் சுழற்சிகளையே காசுக்கு விற்கத் தொடங்கியது. பரிசாக, மாதக்கணக்கில் உழைத்துப் பெறும் அனுபவப் புள்ளிகளும் கிடைத்தன. வெளியாள் காசுக்கு விற்றால் நியாயமற்றது என்று சொல்லிச் சந்தையை மூடியவர், பின்னர் தானே கல்லாவில் உட்கார்ந்தார். நாணயம் விற்றவராவது இருந்த நாணயத்தைக் கைமாற்றினார். சக்கரமோ இல்லாத உழைப்பை உண்டாக்கி விற்றது. நேர்மையாக உழைத்து அந்த நிலையை அடைந்தவருடைய கைப்பொருளின் மதிப்பு ஒரே இரவில் கரைகிறது. என் பார்வையில் முதலாவதை விட இது மோசம். கிடைக்கப்போவது என்னவென்று தெரியாமல் வாங்கும் பொருளாக இருப்பது தனிப் பிரச்சினை. 2018 இல் பெல்ஜியம் இத்தகைய பரிசுப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

இது ஜாகெக்ஸ் மட்டும் பட்ட பாடல்ல. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2012 இல் 'டயப்லோ 3' விளையாட்டுக்குள் உண்மைப் பணத்துக்கான ஏலச் சந்தையைத் தானே திறந்து ஒவ்வொரு விற்பனையிலும் தரகு எடுத்தது. அசுரர்களைக் கொன்று பெறவேண்டிய வாளைச் சந்தையில் வாங்கிவிட்டால் பிறகு எதற்கு விளையாடுவது? 2014 மார்ச்சில் அந்தச் சந்தை மூடப்பட்டது.

ஓரளவு புத்திசாலித்தனமான வழி 'பொண்ட்' எனப்படும் சீட்டு. 2013 செப்டம்பரில் ரூன்ஸ்கேப்பில் அது வந்தது. காசுள்ளவர் நிறுவனத்திடம் சீட்டை வாங்கிச் சந்தையில் விளையாட்டு நாணயத்துக்கு விற்கலாம். நேரமுள்ளவர் உழைத்துச் சேர்த்த நாணயத்தால் அதை வாங்கிச் சந்தாவைச் செலுத்திக்கொள்ளலாம். புதிதாக நாணயம் அச்சிடப்படவில்லை. ஒருவர் உழைத்ததுதான் இன்னொருவருக்குப் போகிறது. காசுக்கு அனுகூலம் கிடைக்கிறது என்ற குறை இதிலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் திருட்டு அட்டைக்காரனின் இலாபத்தில் ஒரு பங்கை இது பறித்தது.

நம் வர்த்தகர்களில் பலர் இன்று முகநூலிலும் பிறருடைய இணையச் சந்தைகளிலும் கடை விரித்திருக்கிறார்கள். இடமும் விதியும் தரகும் வேறொருவர் கையில். அவரே நாளை நமது பொருளைத் தன் பெயரில் விற்கலாம். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கமாவது உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூன்ஸ்கேப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாற்று வழி கிடைத்தது. 2013 பெப்ரவரியில், 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்துக் கேட்டதன் பேரில், 2007 ஓகஸ்ட் மாதத்துப் பழைய பதிப்பு தனியாகத் திறக்கப்பட்டது. அங்கே புதிய அம்சம் எதையும் சேர்ப்பதற்கு 100க்கு 75 பேரின் ஆதரவு வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் அது 70 ஆகக் குறைக்கப்பட்டது. காலப்போக்கில் புதிய பதிப்பை விடப் பழையதில்தான் கூட்டம் சேர்ந்தது. 2015 மார்ச்சில் பொண்ட் சீட்டு அங்கும் வந்தது. சக்கரம் வரவில்லை.