மாநாடு திரைப்படமும் காரண காரியமும்

ஒரு நிகழ்வை மற்றொன்றின் காரணம் என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிசு 1973-இல் தந்த விளக்கம் எளியது: முன்னது நிகழாவிட்டால் பின்னதும் நிகழ்ந்திராது எனில், முன்னதே காரணம். நடந்ததை அழித்துவிட்டு இதைச் சோதிக்க யாராலும் முடியாது. திரைப்படத்தில் முடியும்.

வெங்கட் பிரபு இயக்கிய மாநாடு (2021) படத்தில் அப்துல் காலிக் (சிலம்பரசன்) இறக்கும்போதெல்லாம் அதே நாள் மறுபடி தொடங்குகிறது. முதலமைச்சரைக் கொல்லும் சதியைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றிப் பார்க்கிறான். ஒரு வழியை அடைத்தால் காவல் அதிகாரி தனுஷ்கோடி (எஸ். ஜே. சூர்யா) வேறு வழி தேடுகிறார். லூயிசின் சோதனை இடறுவது இங்குதான். ஒருவன் சுடாவிட்டாலும் மாற்று ஆள் சுட்டிருப்பான் எனில், சுட்டவன் காரணமே அல்ல என்றாகிவிடுமே! எந்த மாணவரும் இதை ஒப்பமாட்டார். லூயிசும் இதை அறிந்திருந்தார். சுட்டது, குண்டு பாய்ந்தது, உயிர் போனது எனக் கண்ணி கண்ணியாகப் பார்க்கச் சொன்னார்.

கண்ணிகளாகப் பார்ப்பது காஞ்சிக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் முடிவில், இந்நகரில்தான் அறவண அடிகள் பன்னிரு நிதானங்களை மணிமேகலைக்கு உரைக்கிறார். பேதைமை தொடங்கி மூப்பு, சாவு வரை ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும்; பேதைமை நீங்கினால் மற்றவையும் வரிசையாக நீங்கும். அந்தக் கண்ணால் பார்த்தால், படத்தில் துப்பாக்கி கடைசிக் கண்ணி மட்டுமே. அதற்கு முன்னே சதி, அதற்கும் முன்னே பதவி ஆசை.